பாசத்தால் மட்டும் படுக்கைப்புண் ஆறாது

தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது பல வேலைகள் சேர்ந்த ஒரு பெரிய வேலை. வலியைக் குறைக்க வேண்டும், புண் வராமல் காக்க வேண்டும், மூச்சுத்திணறலைத் தணிக்க வேண்டும், வாயையும் உடம்பையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், பயப்படும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். சில வாரங்களோ பல மாதங்களோ, இரவு பகல் பாராமல் இது நடந்தாக வேண்டும். புற்றுநோய் முற்றியவர், பக்கவாதத்தில் முழுதாகப் படுத்துவிட்டவர், டயாலிசிஸை நிறுத்திக்கொண்டவர், மறதிநோயின் இறுதியில் இருப்பவர் என்று நோய் ஆளுக்கு ஆள் மாறும். வேலையின் அளவு அவ்வளவாக மாறாது.

திருப்பூரிலும் அதைச் சுற்றியுள்ள அவிநாசி, பல்லடம், காங்கேயம், ஊத்துக்குளிப் பகுதிகளிலும் இதைப் பற்றி ஒரு கருத்து ஊறிப்போயிருக்கிறது. பனியன் கம்பெனிக் காசு வந்த பிறகு பிள்ளைகளுக்குப் பாசம் போய்விட்டது, ஓவர்டைமுக்காகப் பெற்றவர்களைக் கடைசி நேரத்தில் தனியே விடுகிறார்கள், மனம் இருந்தால் எப்படியும் வைத்துப் பார்க்கலாம் என்பதே அது. துக்க வீட்டுப் பந்தலில் இது பேசப்படுகிறது. முதியோர் இல்லங்களைச் சுட்டிக்காட்டி மேடைகளிலும் இதையே சொல்கிறார்கள். "பெத்தவங்கள நாலு மாசம் வெச்சுப் பார்க்க முடியாம அப்படி என்னங்க சம்பாத்தியம்?" என்று கேட்டுவிட்டால், எதிரே நிற்கும் மகனோ மகளோ தலைகுனிவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தக் கருத்து தவறானது. அது செய்யும் தீங்கும் பெரிது. பாசக் குறைவே காரணம் என்று முடிவு கட்டிவிட்டால், வீட்டுக்குச் செவிலியர் ஏன் வரவில்லை, வலிக்கு மாத்திரை ஏன் கிடைக்கவில்லை, சம்பளத்தோடு விடுப்பு ஏன் இல்லை என்ற கேள்விகளுக்கு இடமே இல்லாமல் போகிறது. அரசும் முதலாளியும் மருத்துவத் துறையும் செய்ய வேண்டிய எல்லாவற்றுக்கும் ஒரு தையல் தொழிலாளியின் மனசாட்சி மட்டும் பதில் சொல்ல வேண்டியதாகிறது.

முன்பெல்லாம் எல்லோரும் வீட்டில்தானே கண்மூடினார்கள் என்ற வாதத்தை முதலில் பார்க்கலாம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகள் அளவில் இருந்தது. இன்று அது 70 ஆண்டுகள் அளவில் இருக்கிறது. அன்று ஆட்களைக் கொண்டுபோனவை பெரும்பாலும் காலரா, அம்மை, நிமோனியா, பிரசவக் காய்ச்சல் போன்றவை. சில நாட்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆறு மாதம் படுக்கையில் கிடந்து, மூத்திரக் குழாயோடும் மூக்குக் குழாயோடும் மெல்ல அடங்குவது மருத்துவம் வளர்ந்த பிறகு பெருகிய சாவு. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் மக்கள்தொகையில் 13.6 விழுக்காடு, 2031இல் 18.2 விழுக்காடாக இருப்பார்கள் என்பது அரசின் மதிப்பீடு. முன்னோர் செய்த வேலையை இன்றைய பிள்ளைகள் கைவிடவில்லை. முன்னோருக்கு வாய்க்காத ஒரு வேலை இவர்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

அந்தக் காலத்திலும் பார்த்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். பருத்தியும் புகையிலையும் விளைந்த தோட்டத்து வீடுகளில் மகன் பார்த்தான் என்று ஊர் சொல்லும்; மலம் அள்ளியதும் துணி அலசியதும் இரவெல்லாம் விழித்ததும் மருமகள். அவளுக்குக் கூலியும் இல்லை, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லை. பண்ணையாள் குடும்பத்துக்கோ அந்த வாய்ப்பும் கிடையாது. தாய் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் விடிந்தால் கவுண்டர் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். பழைய காலம் பாசத்தின் காலம் என்பது நிலமும் ஆட்களும் இருந்த சில வீடுகளின் நினைவு. விருதுநகர் பக்கத்தில் படுத்த முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் தலைக்கூத்தல் பழக்கம் 2010 வாக்கில் வெளியே வந்தபோது ஊரே அதிர்ந்தது. பார்க்க ஆளில்லாத, வலிக்கு மருந்தில்லாத வீடுகளில் பழைய காலமும் இரக்கமற்றதாக இருக்க முடிந்தது என்பதற்கு அது சான்று.

பெண் தலையில் விழுந்த பாரம் இன்றும் இறங்கவில்லை. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார்கள், ஆண்களில் 21.4 விழுக்காட்டினர். அந்த வேலைக்கு நாளொன்றுக்குப் பெண்கள் செலவிட்டது 140 நிமிடம், ஆண்கள் 74 நிமிடம். திருப்பூரில் அந்தப் பெண்ணே செக்கிங் மேசையிலோ சிங்கர் மெஷினிலோ பகலெல்லாம் நிற்கிறாள், உட்காருகிறாள். பாசம் குறைந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு சுற்றிச்சுற்றிக் கடைசியில் அவள் மீதுதான் வந்து விழுகிறது.

அடுத்தது, வேலையின் தன்மை. கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தவரை முதல் நாளே ஓவர்லாக் மெஷினில் உட்கார வைப்பதில்லை. கை பழக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புரட்டுவதற்கும் அதே அளவு பழக்கம் வேண்டும் என்பதை மட்டும் யாரும் ஏற்பதில்லை.

படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்ளலாம். வால் எலும்பு, இடுப்பு மூட்டு, குதிகால், தோள்பட்டை என்று எலும்பு தோலை ஒட்டியிருக்கும் இடங்களில் உடல் எடை அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்றுவிடும். சில மணி நேரமே போதும், தோல் சாகத் தொடங்கும். முதலில் தெரிவது ஒரு சிவப்பு அல்லது கருஞ்சிவப்புத் திட்டு. விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் வெளுக்காது. அந்தக் கட்டத்தில் கண்டுகொண்டு அழுத்தத்தை எடுத்துவிட்டால் தப்பிக்கலாம். தவறவிட்டால் எலும்பு வரை குழி விழும். அதனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முழுப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பு மூட்டில் அழுத்தம் சேரும். முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். புரட்டும்போது இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். இழுத்தால் தோல் உரியும். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிடக் கூடாது. மூத்திர ஈரம் ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது. காற்றுப் படுக்கை இருந்தால் உதவும், ஆனாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வீட்டில், பாசமுள்ள மகள் என்ன செய்வாள்? அம்மாவுக்கு வலிக்கிறதே என்று அசைக்காமல் விடுவாள். சிவந்த இடத்தை எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுவாள். அன்பினாலேயே புண் வரும்.

வாய்ப் புற்றுநோயிலும் மார்பகப் புற்றுநோயிலும் புண் வெளியே வெடித்துவிட்டால் நாற்றம் வீட்டையே விரட்டும். பேரப்பிள்ளைகள் கிட்டே வரமாட்டார்கள், நோயாளியே கூனிக்குறுகிப் போவார். இதற்கு மலிவான ஒரு வழி உண்டு: மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் நாற்றம் பெருமளவு அடங்கும். கேரளத்தின் வீட்டுப் பராமரிப்புக் குழுக்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்கின்றன. இது தெரியாத வீட்டில் ஊதுபத்தி ஏற்றி வைக்கிறார்கள், பிறகு கட்டிலைத் திண்ணைக்கு மாற்றுகிறார்கள். திண்ணைக்கு மாற்றியதைப் பார்த்த ஊர், மனம் கல்லாகிவிட்டது என்கிறது.

சாப்பாட்டில் நடப்பது இன்னும் வருத்தமானது. இறுதி நாட்களில் உடல் உணவை வேண்டாம் என்கிறது. பசி அடங்கிப்போவது சாவின் போக்கிலேயே உள்ளது. பட்டினி போட்டுக் கொன்றதாகப் பேச்சு வருமே என்று பயந்து, விழுங்கும் திறன் போனவர் வாயில் பாலைப் புகட்டுகிறார்கள். பால் நுரையீரலுக்குப் போய், மூச்சு அடைத்து, கடைசி இரண்டு நாள் கொடுமையாகிறது. இல்லையென்றால் பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறார்கள். 5 விழுக்காட்டு டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ 100 கலோரி. ஓய்ந்துகொண்டிருக்கும் உடம்பில் அந்த நீர் காலில் வீக்கமாகவும் நுரையீரலில் சளியாகவும் தேங்கலாம். அந்த நேரத்தில் உண்மையில் ஆறுதல் தருவது, ஈரப் பஞ்சால் வாயைத் துடைப்பதும் உதட்டில் வாஸ்லின் தடவுவதும் கேட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதும்தான். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். சளியைக் குறைக்கும் ஊசியைத் தோலுக்கடியில் போடலாம். மூச்சுத் திணறினால் தலைப்பக்கத்தை உயர்த்தி முகத்துக்கு நேராக மின்விசிறி வைப்பதே பாதி நிம்மதி தரும்.

வலிதான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது. முற்றிய புற்றுநோயின் வலிக்கு உலகம் ஒப்புக்கொண்ட மருந்து மார்பின். மாத்திரையாக வாயில் கொடுக்கலாம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, விலையும் அதிகமில்லை. மலச்சிக்கலுக்கான மருந்தைக் கூடவே கொடுத்துவிட வேண்டும். அளவறிந்து வலிக்கேற்ப ஏற்றிக்கொண்டு போனால் அது உயிரைச் சுருக்குவதில்லை; வலிக்காகக் கொடுக்கும்போது போதைக்கு அடிமையாவதும் அரிது. மார்பினுக்கான அபின் இந்தியாவிலேயே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு பயிராகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. இருந்தும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, சில ஆண்டுகளில் மருத்துவத்துக்கான மார்பின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. பல உரிமங்கள் வேண்டும், கணக்கில் சிறு பிசகு வந்தாலும் கடுஞ்சிறை என்ற பயத்தில் மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்பின் உள்ளிட்ட சில மருந்துகள் இன்றியமையாதவை என்று வகுக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம் என்றானது. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் மருத்துவர்களின் பழக்கம் மாறவில்லை. மருத்துவப் படிப்பில் மார்பின் எழுதக் கற்காமல் வந்த ஒரு தலைமுறை இன்னும் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறது. வலியில் கத்தும் தகப்பனை இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றும் மகனிடம் பாசம் குறைவாக இல்லை. வீட்டில் பத்து மில்லிகிராம் மார்பின் இல்லை, அவ்வளவுதான்.

இனி நேரம். திருப்பூரில் இதைப் பற்றிப் பேசும் எவரும் ஷிப்ட் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே போனவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வர இரவு எட்டரை. ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கும் மேலே. பீஸ் ரேட்டில் கான்ட்ராக்டரிடம் தைப்பவருக்கு வராத நாளுக்குக் காசு இல்லை. இரண்டு வாரம் வராவிட்டால் அந்த மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டிய தாயும் பன்னிரண்டு மணி நேர வேலையும் ஒரே ஆளிடம் எப்படிச் சேரும் என்று பாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் விளக்க வேண்டும்.

சட்டம் என்ன தருகிறது? தொழிற்சாலைகள் சட்டம் 1948இல் வகுத்த கணக்குப்படி 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு. ஆண்டு முழுக்க உழைத்தாலும் ஏறத்தாழப் பதினைந்து நாள்தான். இஎஸ்ஐ திட்டத்தில் தொழிலாளி சம்பளத்தில் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் கட்டுகிறார்கள். தொழிலாளிக்கே நோய் வந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காட்டுச் சம்பளம் கிடைக்கும். அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் உண்டு. ஆனால் அந்தப் பெற்றோர் சாகக் கிடக்கும்போது உடனிருக்க ஒரு நாள்கூட இல்லை. பிள்ளை பெற்றால் 26 வார விடுப்பு என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. மிக நியாயமான திருத்தம். சாவின் பக்கத்தில் இருப்பவருக்கு அதே சட்டப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. கனடாவில் உயிர் பிரியும் நிலையிலுள்ளவரைப் பார்த்துக்கொள்ள 2004 முதல் உதவித்தொகை இருக்கிறது. 2016இல் அது 26 வாரமாக நீட்டப்பட்டது, சம்பளத்தில் 55 விழுக்காடு வரை. ஜப்பானில் குடும்பத்தாரைப் பராமரிக்க ஒருவருக்கு 93 நாள் விடுப்பு உண்டு. கனடியருக்கும் ஜப்பானியருக்கும் திருப்பூர்க்காரரைவிடப் பாசம் கூடுதல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பனியன் தொழிலாளர் சம்பள ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் உட்கார்ந்து போடுவது. பஞ்சப்படி, பயணப்படி பற்றி அங்கே பைசா கணக்கில் பேசுகிறார்கள். அந்திம காலப் பராமரிப்பு விடுப்பையும் அந்த மேசையில் வைக்க எந்தத் தடையும் கிடையாது.

இடமும் பெரிய சிக்கல். மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சைப் பக்கங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரே அறை, காம்பவுண்டுக்குப் பொதுவான கழிப்பறை, முறை வைத்து வரும் தண்ணீர். படுக்கை நோயாளியின் துணியை அலச அந்தத் தண்ணீர் போதாது. இதற்கு மேல், வாடகை வீட்டில் சாவு விழக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் நினைப்பது இந்த ஊரில் சாதாரணம். "ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று பக்குவமாகச் சொல்லிவிடுவார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை எட்டு மணி நேரம் வேனில் படுக்க வைத்துக் கொண்டுபோவது கொடுமை. அதைச் செய்தது குடும்பம் என்றாலும் முடிவு செய்தது வாடகை ஒப்பந்தம்.

இவ்வளவு சிரமம் என்றால் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளலாமே, வீட்டுக்குக் கொண்டுவருவதே கைவிடுவதுதானே என்று மறுபக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும். பாசத்தை ஐசியு பில்லால் அளக்கும் இந்த எண்ணமும் அதே பிழையின் இன்னொரு முகம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புப் பராமரிப்பு பெற்றவர்கள் கடைசிக் காலத்தில் தீவிர சிகிச்சைகளைக் குறைவாகப் பெற்றார்கள். ஆனாலும் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மாதம் கூடுதலாக உயிர் வாழ்ந்தார்கள். பயனற்ற உயிர்காப்புக் கருவிகளை மறுக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. அதற்கான முன்விருப்ப ஆவண நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. ஆக, வீட்டுக்கு அழைத்து வருவது சட்டப்படியும் மருத்துவப்படியும் கைவிடுதல் ஆகாது. "இனிச் செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி, கையில் மருந்தோ அழைக்க ஒரு எண்ணோ தராமல் அனுப்புவதுதான் கைவிடுதல். அதே நேரம், எல்லோருக்கும் வீடே நல்லது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அடங்காத ரத்தப்போக்கு, கட்டுக்கடங்காத வலிப்பு, பார்க்க ஆளே இல்லாத தனிமை என்ற நிலைகளில் மருத்துவமனைப் படுக்கையோ அந்திமகால இல்லமோதான் இரக்கமான இடம். அங்கே சேர்த்த பிள்ளையை ஊர் ஏசக் கூடாது.

செய்ய முடியுமா என்ற சந்தேகத்துக்கு விடை தூரத்தில் இல்லை. உடுமலையிலிருந்து அமராவதி வழியாகச் சின்னாறு தாண்டினால் கேரளம். அங்கே 1993இல் கோழிக்கோட்டில் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம் தொடங்கியது, எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் அதை முன்னெடுத்த மருத்துவர்கள். சில ஆண்டுகளில் மலப்புறத்திலும் சுற்றுப்புறங்களிலும் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, சிறு நன்கொடை திரட்டி, செவிலியரோடு வீடுவீடாகப் போகும் முறை வேர்பிடித்தது. 2008இல் அரசு அதற்கென ஒரு கொள்கையே வகுத்தது, உள்ளாட்சிகள் பொறுப்பேற்றன. அண்டை வீட்டுக்காரர் அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரி மனிதர்தான். அங்கே அவருக்குப் பயிற்சியும், பின்னால் ஒரு செவிலியரும், மார்பின் வைத்திருக்கும் மருத்துவரும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் அடித்தளம் போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்த மாத்திரையோடு நிற்காமல் நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவருவதாகச் சொன்ன திட்டம். ஒன்றிய அளவில் அதற்கான செவிலியர் உண்டு. ஆனால் 2011 கணக்கெடுப்பிலேயே 24.79 லட்சம் பேரும் 13 ஒன்றியங்களும் கொண்ட திருப்பூர் மாவட்டத்துக்கு அந்தக் கைகள் போதா. மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கும் செவிலியரால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து கேட்கும் வலியைச் சமாளிக்க முடியாது. வாரம் இருமுறையாவது வருகை, இரவில் அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பின், ஒடியாவும் இந்தியும் பேசும் பணியாளர், இரவல் தரும் காற்றுப் படுக்கை: இவை இல்லாமல் திட்டத்தின் பெயர் வீடு வரைக்கும் வராது. மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் தரும் அரசுக் காப்பீடு, வீட்டுக்கு வரும் செவிலியருக்கும் தர வேண்டும். 2022இல் திறந்த திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர்களை லைன் வீடுகளுக்கு அனுப்பி இந்த வேலையைக் கற்பிக்கலாம்.

மிச்சமிருப்பது இறப்புக்குப் பின் வரும் தாள் வேலை. வீட்டில் வைத்துப் பார்க்கப் பலர் அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். இறப்பை அது நிகழ்ந்த இடத்தின் பதிவாளரிடம் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். தேனிக்காரர் திருப்பூரில் இறந்தால் பதிவு திருப்பூரில்தான். கடைசி நோயில் பார்த்த மருத்துவர் இறப்பின் காரணத்தைக் கட்டணம் இன்றிச் சான்றளிக்க வேண்டும் என்கிறது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். வீட்டுக்கு எந்த மருத்துவரும் வந்ததே இல்லை என்றால் யார் சான்று தருவது? மயானத்தில் கேட்பார்களே என்று, மூச்சு நின்ற பிறகும் உடலைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். வட்டார மருத்துவர் உயிரோடிருக்கும்போது இரண்டு முறை வந்து பார்த்துக் குறிப்பெழுதி வைத்திருந்தால், அந்தச் சான்று அன்று காலையிலேயே குடும்பத்தின் கைக்கு வந்துவிடும்.